கருப்பருக்குச் சேர வேண்டிய முடி

கூழாம்பட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன். ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயம் இல்லை. தங்களைப் பற்றிக் கதை வந்திருக்கிறது என்று தெரிந்தால் பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வந்தால் லேசில் போக மாட்டார்கள். அதனால் ஊர் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், நாம் காத்தமுத்துவிடம் வருவோம்.

அந்த ஊரில் காத்தமுத்துவுக்குத்தான் முடி இருந்தது. மற்றவர்களுக்கும் இருந்தது, ஆனால் அதையெல்லாம் யாரும் முடி என்று மதிக்கவில்லை. காத்தமுத்துவின் முடி சுருள் சுருளாகப் பிடரி வரைக்கும் இறங்கி, தேங்காய் எண்ணெயில் மினுங்கும். வெளியூரிலிருந்து சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் ஊரைப் பற்றிச் சொல்ல வேறு பெருமை இல்லாததால், "எங்க ஊர்ல காத்தமுத்துன்னு ஒருத்தன் இருக்கான், அவன் முடியைப் பாக்கணுமே" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். காத்தமுத்து அதைக் காதில் வாங்காதவன் மாதிரி சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுப்பான்.

ஆடி மாதம் அவனைக் காய்ச்சல் போட்டு வாட்டியது. சோறு இறங்கவில்லை, கண் திறக்கவில்லை, வாயில் வந்ததெல்லாம் பிதற்றல். பெண்டாட்டி செவந்தி அவனைக் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார். "காய்ச்சல் விட்டுருச்சேன்னு நிறுத்தக் கூடாது, குடுத்ததை முழுசாச் சாப்பிடணும். படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை திரும்ப வந்து காட்டணும்" என்றார்.

கூழாம்பட்டிக்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். வெள்ளிக்கிழமை வந்தது. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கும் போயாக வேண்டும். செவந்தியின் அண்ணன் வேலாண்டி கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, காத்தமுத்துவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி மினி பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி வைத்தபோது டாக்டரம்மா கட்டிலைப் பார்த்தார், அதில் படுத்தபடியே கும்பிட்ட நோயாளியைப் பார்த்தார், பிறகு "நாக்கை நீட்டுப்பா" என்றார். நீட்டினான். பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. காத்தமுத்து மினி பஸ் கூரையில் நாக்கை நீட்டியபடியே ஊர் வந்து சேர்ந்தான். அதில் தூசி படியக் கூடாது என்று வேலாண்டி பக்கத்தில் உட்கார்ந்து குடை பிடித்தான்.

இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். செவந்திக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது அவள் கண்மாயில் முங்கி எழுந்து, ஈரச் சேலையோடு ஆலடிக் கருப்பர் கோயிலில் போய் விழுந்தாள். "கருப்பா, இந்த மனுசனை எனக்குத் திருப்பிக் குடுத்துரு. கார்த்திகைத் திருவிழாவுல இவரு முடியை ஒத்த முடி பாக்கி இல்லாம உன் காலடியில கொண்டாந்து வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். வீட்டில் இருந்ததிலேயே விலை மதிப்பானது அதுதான்.

காய்ச்சல் விட்டது. மாத்திரை விரட்டியது என்றார் டாக்டரம்மா. கருப்பர் விரட்டினார் என்றாள் செவந்தி. கட்டிலைத் தூக்கியவன் என்ற முறையில் வேலாண்டிக்கு வேறு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

ஐப்பசி பிறந்ததும் முடி கொட்ட ஆரம்பித்தது. முதலில் சீப்போடு வந்தது. பிறகு தலையணையில் கிடந்தது. பிறகு காத்தமுத்து தும்மினாலே தோளில் நாலைந்து விழுந்தன. செவந்தி தலையணையைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"கொட்டினா முளைச்சிட்டுப் போகுது. அதுக்கு எதுக்கு அழுகுற?" என்றான் காத்தமுத்து.

"இது உங்க முடியாங்க? கருப்பரு முடி. ஒத்த முடி பாக்கி இல்லாமன்னு சொல்லிருக்கேன். குறைஞ்சா சும்மா விடுவாரா? மறுபடி காய்ச்சலைக் குடுத்து ஆளையே எடுத்துக்குவாரே."

அதுவரைக்கும் காத்தமுத்துவுக்கு முடி போகிறதே என்ற வருத்தம் மட்டும்தான் இருந்தது. இப்போது பயமும் சேர்ந்துகொண்டது. ஆடி மாதம் கிடந்த கிடை அவனுக்கு மறக்கவில்லை. செத்துப்போவோம் என்று நினைத்துக்கொண்டு, செவந்தி தலைமாட்டில் அழுவதைக் கண்ணைத் திறந்து பார்க்கக்கூட முடியாமல் கிடந்தான். இன்னொரு தரம் அது தாங்காது. தலையை ஆட்டாமல் மெல்ல நடந்து மருதையின் சலூனுக்குப் போனான்.

கூழாம்பட்டியில் பெரிய விஷயமெல்லாம் மருதையின் சலூனில்தான் முடிவாகும். அங்கேதான் உட்கார நாற்காலி உண்டு. மருதை சலூன்காரன். ஏகாம்பரம் எட்டாம் வகுப்பில் மற்ற எல்லாரையும் விட அதிக வருஷம் இருந்தவர், அந்த வகையில் ஊரிலேயே பெரிய படிப்பாளி. வேலாண்டி வந்து கதவோரம் சாய்ந்துகொண்டான். முடி கொட்டக் காரணம் டாக்டரம்மா கொடுத்த மாத்திரைதானா, இல்லையா என்பதுதான் விஷயம்.

"சந்தேகமே வேணாம். அந்த மாத்திரைதான்" என்றார் ஏகாம்பரம். "அது கிருமியைக் கொல்ற மாத்திரை. உள்ள இருந்த கிருமியைப் பூராம் கொன்னு தீத்துருச்சு. இன்னும் கோவம் தணியல. கொல்லாம இருக்க முடியுமா அதால? மேல ஏறிப் போயி முடியைக் கொல்லுது."

எல்லாரும் நியாயம் என்று தலையாட்டினார்கள். காத்தமுத்து மட்டும் ஆட்டவில்லை, கொட்டிவிடும்.

மருதைக்கு ஒரு சந்தேகம். "அண்ணே, நான் தொழில்காரன். முடியை வெட்டினா வலிக்கிறதில்ல. அப்படின்னா முடி ஏற்கெனவே செத்ததுதானே? செத்ததை எப்படிண்ணே கொல்லும்?"

ஏகாம்பரம் அசரவில்லை. "அதான் கொட்டுது. உசிரோட இருந்தா பிடிச்சுக்கிட்டு நிக்குமில்ல?" என்றார்.

வேலாண்டிக்கு வாய்ப் பேச்சில் நம்பிக்கை கிடையாது. எதையும் செய்து பார்த்துவிட வேண்டும். மாத்திரை தீர்ந்துபோயிருந்தது, ஆனால் மாத்திரை இருந்த காலி அட்டை காத்தமுத்து வீட்டு மாடக்குழியில் பத்திரமாக இருந்தது. அந்த அட்டையை யார் தலையிலாவது கட்டி வைத்து, முடி கொட்டுகிறதா என்று பார்த்துவிடலாம் என்றான். யார் தலையில் என்பதுதான் கேள்வி. யாரும் தன் முடியைப் பணயம் வைக்கத் தயாராக இல்லை. கடைசியில் ரிட்டயர்டு தபால்காரர் சங்கரலிங்கத்தைக் கூட்டிவந்தார்கள். அவர் தலை வெண்கலக் குடம் மாதிரி பளபளவென்று இருக்கும். அவருக்கு இழக்க ஒன்றும் இல்லாததால் சந்தோஷமாக வந்தார்.

அட்டையை அவர் உச்சந்தலையில் வைத்துத் துண்டால் கட்டி, காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு முடி விழவில்லை.

"மாத்திரை மேல தப்பில்ல" என்று தீர்ப்புச் சொன்னார் ஏகாம்பரம்.

"இவருக்குத்தான் முடியே இல்லையே" என்றான் காத்தமுத்து.

"அதைத்தான்டா நானும் சொல்றேன். முடி கொட்டுறதுல இவ்வளவு பழக்கப்பட்ட தலை இந்த ஜில்லாவுல வேற இருக்கா? அதுலயே ஒண்ணு கொட்டலைன்னா வேற எந்தத் தலையில கொட்டப்போகுது?"

காத்தமுத்து யோசித்துப் பார்த்தான். அவனுக்கும் சரியாகத்தான் பட்டது. சங்கரலிங்கம் அட்டையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, தன் தலையால் ஒரு மாத்திரையின் மானம் காப்பாற்றப்பட்டது என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனார்.

மாத்திரை குற்றமற்றது என்றாகிவிட்டது. ஆனாலும் முடி கொட்டுவது நிற்கவில்லை. ஆகவே கொட்டுகிற முடி ஒன்றுகூட வீணாகாமல் பொறுக்கிச் சேர்த்துத் திருவிழாவன்று மொத்தமாகக் கருப்பரிடம் ஒப்படைத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். செவந்தி ஒரு மஞ்சள் துணியில் மூட்டை கட்டினாள். காற்றில் பறந்துவிடக் கூடாது என்று காத்தமுத்துவின் தலைக்கு மேல் கொசுவலையைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டார்கள். அவன் அதோடேயே சைக்கிளில் போனான். வெளியூர்ச் சம்பந்தக்காரர்கள் இரண்டு பேர் அவனைப் பார்த்துவிட்டு, ஊருக்குள் நுழையாமலேயே திரும்பிப் போனார்கள்.

வலை போடுவதற்கு முன்னால் பறந்துபோன முடிகள்? அதற்கு வேலாண்டி பொறுப்பெடுத்துக்கொண்டான். ஊருக்குள் எங்கே முடி கிடந்தாலும் அது கருப்பர் சொத்து என்று அறிவித்தான். ராமாயியின் டீக்கடையில் ஒருவருடைய டீயில் முடி கிடந்து அவர் சத்தம் போட்டபோது, வேலாண்டி குறுக்கே பாய்ந்து அந்த முடியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். அடுத்த வீட்டுப் பருப்புக் குழம்பில் கிடந்தது, பள்ளிக்கூட பெஞ்சில் கிடந்தது, வேலியில் சிக்கியிருந்தது எல்லாம் மூட்டைக்கு வந்து சேர்ந்தன. மருதை தன் பங்குக்குச் சலூன் தரையைத் தினமும் கூட்டிக் கொண்டுவந்து கொட்டினான். காத்தமுத்து தன் கடையைத் தாண்டித்தானே போகிறான், அவன் முடி இதில் இல்லாமலா இருக்கும் என்பது மருதையின் வாதம். மூட்டை பரங்கிக்காய் அளவுக்கு வளர்ந்தது. செவந்திக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

காத்தமுத்துவுக்கு வரவில்லை. கொசுவலைக்குள் அவன் மெலிந்துகொண்டே வந்தான். சோற்றில் கை வைத்தால், இதுதான் கடைசிக் கார்த்திகையோ என்று தோன்றும், கையை எடுத்துவிடுவான். செவந்தி பொறுக்க மாட்டாமல் அவனை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஏகாம்பரமும் வேலாண்டியும் துணைக்கு வந்தார்கள்.

"முதல்ல அந்த வலையை எடு" என்றார் டாக்டரம்மா.

எடுத்தார்கள். விழுந்ததை வேலாண்டி பொறுக்கினான்.

"டாக்டரம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த ஆன்டிபயாடிக் சாப்பிட்டா முடி கொட்டுமா?" என்று கேட்டாள் செவந்தி.

"எப்பவாச்சும் ஒருத்தருக்கு அப்படி ஆகலாம்மா, ரொம்ப அபூர்வம். இது அந்தக் காய்ச்சலோட வேலை. அவ்வளவு கடுமையாக் காய்ச்சல் அடிச்சா, வளந்துக்கிட்டு இருக்கிற முடி நிறைய ஒரே சமயத்துல வளர்றதை நிறுத்திரும். ரெண்டு மூணு மாசம் கழிச்சுச் சேந்தாப்புல கொட்டும். அப்புறம் தன்னால முளைச்சிரும், பயப்பட ஒண்ணுமில்ல." காத்தமுத்துவின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கவலைதான் உன்னைத் தின்னுது. நல்லாச் சாப்பிடு. முடியைப் பத்தி நினைக்கவே கூடாது, புரிஞ்சுதா?"

புரிந்தது. அன்றிலிருந்து வேலாண்டி காத்தமுத்துவுக்கு எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"மாப்ளே, முடியைப் பத்தி நெனைக்கிறியா?"

"இல்ல மச்சான்."

"இப்ப?"

"நீ கேட்டதும் நெனைச்சேன்."

"நல்ல வேளை கேட்டேன். விட்டுரு."

கொஞ்ச நேரம் போகும்.

"இப்ப?"

"கோழியைப் பத்தி நெனைச்சுக்கிட்டு இருந்தேன் மச்சான்."

"கோழிக்கு இறகு இருக்குல்ல? இறகுன்னா என்ன? கோழிக்கு அதுதான் முடி. டாக்டரம்மா சொன்னதை மதிக்க மாட்டியா நீ?"

இப்படியே கார்த்திகை வந்து சேர்ந்தது. கருப்பர் கோயில் ஆலமரத்தடியில் பலகை போட்டுக் காத்தமுத்துவை உட்காரவைத்து, மருதை கத்தியைத் தீட்டினான். ஊரே சுற்றி நின்றது. தலையில் பாதிதான் இருந்தது, அதுவும் வழவழவென்று வழிந்து விழுந்தது. காத்தமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டான். அழுதான் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தனை காலம் சீவி வளர்த்த முடி.

மருதை கத்தியை மடக்கப் போனான். வேலாண்டி கையைத் தூக்கி நிறுத்தினான்.

"செவந்தி, நீ வேண்டினப்ப தலைமுடின்னு சொன்னியா, முடின்னு சொன்னியா?"

செவந்தி யோசித்தாள். அவள் முகம் வெளுத்தது. "முடின்னுதாண்ணே சொன்னேன்."

"ஒத்த முடி பாக்கி இல்லாமன்னும் சொன்ன."

"சொன்னேன்."

கத்தி மறுபடி விரிந்தது. மீசை போனது. புருவம் போனது. காது, கை, கால் என்று மருதை ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்தான். ஒரு கட்டத்தில் பெண்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு நாலு பேர் வேட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். மறைப்பை எடுத்தபோது காத்தமுத்து உரித்த பனங்கிழங்கு மாதிரி உட்கார்ந்திருந்தான். கார்த்திகைக் குளிர் காற்று அவனை எங்கெல்லாமோ தொட்டது.

எல்லாவற்றையும் மஞ்சள் மூட்டையோடு சேர்த்துக் கருப்பர் முன்னால் வைத்தார்கள். செவந்தி விழுந்து கும்பிட்டு எழுந்தாள். பயம் போய், அவள் முகத்தில் ஆடிக்கு அப்புறம் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்ததைப் பார்த்துக் காத்தமுத்துவும் சிரித்தான். புருவம் இல்லாததால் அது திகைப்பு மாதிரி தெரிந்தது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். பூசாரி மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் இருந்திருந்தால்.

"இதென்னப்பா நரைமுடி?" என்றார் பூசாரி. "காத்தமுத்துக்கு நரையே கிடையாதே. இந்தா, இது மருதாணி போட்ட முடி. இது ரிப்பன் கட்டின முடி. இது ஆட்டு முடி."

கூட்டம் மூட்டையை நெருங்கி வந்தது. மருதாணி முடியைப் பார்த்து ராமாயி, "எம் முடி மாதிரில்ல இருக்கு" என்றாள். செம்மறி முடியைத் தன் ஆட்டுடையது என்று வேலாண்டி அடையாளம் கண்டுகொண்டான். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஊரில் பாதிப் பேருடைய முடி கருப்பர் காலடியில் கிடந்தது.

"இது வினையாப் போச்சு" என்றார் ஏகாம்பரம். "கருப்பரு ஒருத்தர்கிட்டயும் சும்மா முடி வாங்குறவரு இல்ல. முதல்ல காய்ச்சல் வரணும். அதை அவரு தீக்கணும். அப்புறம்தான் முடி. நம்மகிட்ட முடியை வாங்கிட்டாரு. காய்ச்சலே யாருக்கும் வரலையே. அப்ப கருப்பரு நமக்குக் கடன்பட்டு நிக்கிறாரா?"

சாமியைக் கடன்காரராக நிறுத்துவதா? ஊருக்கே கூசிப்போனது. எப்பாடு பட்டாவது காய்ச்சலை வாங்கிவிட்டால் கணக்கு நேராகும். எங்கே வாங்குவது?

"காத்தமுத்து எங்க வாங்கினான்?" என்றான் மருதை.

"ஆஸ்பத்திரியிலதான்" என்றார் ஏகாம்பரம். "அதுக்கு முன்னாடி அவனுக்கு வெறும் உடம்புச் சூடு. டாக்டரம்மாதான் காய்ச்சல்னு குடுத்தாங்க."

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்து இறங்கியபோது ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வரிசை நின்றது. அத்தனை பேரும் கல்லுக்குண்டு மாதிரி ஆரோக்கியமாக இருந்தார்கள். வேலாண்டி கையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யாருக்கு என்ன?" என்றார் டாக்டரம்மா.

"எங்களுக்கு ஒண்ணுமில்லைங்கம்மா, அதான் வந்தோம்" என்றார் ஏகாம்பரம். "முடியெல்லாம் முன்கூட்டியே குடுத்தாச்சு. ஆளுக்கு ஒரு காய்ச்சல் குடுத்தீங்கன்னா போதும். ஆட்டுக்கும் சேத்து."

டாக்டரம்மா வரிசையை மேலும் கீழும் பார்த்தார். மொட்டையாக, மீசையும் புருவமும் இல்லாமல் ஓரமாக நின்ற காத்தமுத்து கண்ணில் பட்டான். நோயில் கிடந்து மீண்டவன், இவனுக்காவது நல்லது கெட்டது தெரியும் என்று நினைத்து, "ஏம்ப்பா, நீயாவது இவங்களுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றார்.

காத்தமுத்து பணிவாகக் கும்பிட்டான். "எனக்கு வேணாங்கம்மா, நான் ஆடியிலயே வாங்கிட்டேன். இவங்க பாவம், ரொம்ப நேரமா நிக்கிறாங்க. இவங்களுக்கு முதல்ல குடுங்க."

வரிசையின் கடைசியிலிருந்து சங்கரலிங்கத்தின் கை மட்டும் மெதுவாக உயர்ந்தது. "எனக்குக் கொஞ்சமாக் குடுத்தாலே போதும்மா. மூட்டையில என் முடி ஒண்ணும் இல்ல, தலையை மட்டும்தான் குடுத்திருந்தேன்" என்றார்.